ஸ்டீயரிங்கில் இல்லாத பட்டன்

‘ஹைப்ரிட் வந்துடுச்சு. இனிமே டிரைவருக்கு என்னங்க வேலை? ஸ்டீயரிங்ல ஒரு பட்டனை அமுக்கினா கார் பறக்கப்போகுது.’

2022ஆம் ஆண்டு உலக ரேலி சாம்பியன்ஷிப்பில் ஹைப்ரிட் கார்கள் இறங்கியதிலிருந்து இந்த வாக்கியத்தைப் பலரிடம் கேட்டுவிட்டேன். பந்தயமே பார்க்காதவர்கள் சொன்னால் சிரித்துக்கொண்டு போகலாம். ஆனால் இதை அதிகம் சொல்பவர்கள் நம் இலக்கிய நண்பர்கள். இயந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் இவர்களுக்கு ஒரு பெருமூச்சு வரும். இயந்திரம் மனிதனைத் தின்கிறது, திறமை செத்துவிட்டது, எல்லாம் மென்பொருள் மயம் என்று ஒரு ஒப்பாரி தொடங்கும். அந்த ஒப்பாரிக்கு ஹைப்ரிட் ரேலி கார் புதிதாகக் கிடைத்த பிணம்.

ஒரே ஒரு சிக்கல்தான். அவர்கள் சொல்கிற அந்தப் பட்டன் அந்தக் காரில் இல்லவே இல்லை.

இதை நான் வெறும் தகவல் பிழையாகப் பார்க்கவில்லை. ஒரு கருவியைக் கூர்ந்து பார்க்காமலேயே அதன்மீது தீர்ப்பு எழுதுகிற பழக்கம் நம் எழுத்துச் சூழலில் வேர்விட்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. அதற்காகத்தான் ஒரு ஸ்டீயரிங்கைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1

‘ரேலி 1’ என்று பெயரிடப்பட்ட அந்தக் கார்களை முதலில் பார்ப்போம். டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ், ஹூண்டாயின் ஐ20 என், எம்-ஸ்போர்ட் உருவாக்கிய ஃபோர்டு பூமா. மூன்றிலும் 1.6 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். அதோடு பின்பகுதியில், கார்பன் ஃபைபர் உறைக்குள் சீல் வைக்கப்பட்ட ஒரு பெட்டி. 100 கிலோவாட் மின்மோட்டாரும் 3.9 கிலோவாட்-மணி பேட்டரியும் அதற்குள் இருக்கும். எல்லா அணிக்கும் ஒரே பெட்டிதான், யாரும் திறந்து நோண்டக் கூடாது. எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து தள்ளும்போது 500 குதிரைத்திறனுக்கும் மேல்.

இவ்வளவு சக்தி வந்தபோது ஸ்டீயரிங்கில் எவ்வளவு கூடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கூடவில்லை, குறைந்தது. 2017 முதல் 2021 வரை ஓடிய முந்தைய தலைமுறைக் கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் துடுப்பு இருந்தது. விரலால் தட்டினால் போதும், கியர் மாறிவிடும். செலவைக் குறைக்க ரேலி 1 விதிகள் அதைப் பிடுங்கிப் போட்டன. டிரைவர் மறுபடியும் ஒரு கையை எடுத்து, கியர் நெம்புகோலை இழுக்க வேண்டும். ஆறு கியர் ஐந்தாகியது. நடு டிஃபரன்ஷியலை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொண்ட வசதியும் போனது. எதிர்காலத்தின் கார் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒன்று, டிரைவரின் கைக்கு முந்தைய காரைவிட அதிக வேலை கொடுத்தது. ஒப்பாரி வைத்தவர்கள் யாராவது இதைப் பற்றி ஒரு வரி எழுதினார்களா?

2

ஃபார்முலா ஒன் ஸ்டீயரிங்கின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வட்டமாகவே இருக்காது. நடுவில் திரை, சுற்றிலும் இருபதுக்கும் மேற்பட்ட பட்டன்கள், திருகுகள். அது அங்கே நியாயம். அந்த ஓட்டுநரின் கைகள் பிடித்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை. கட்டைவிரல் போகிற தூரத்தில் எல்லாவற்றையும் வைக்கலாம்.

ரேலி அப்படியல்ல. மண்ணிலும் பனியிலும் கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகும். கொண்டையூசி வளைவு வந்தால் ஒரு கை ஸ்டீயரிங்கைவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுக்கும். இன்னொரு கை சக்கரத்தைச் சுழற்றும். அடுத்த நொடி சறுக்கலைப் பிடிக்க எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். கை எந்த இடத்தில் பற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் ரேலி ஸ்டீயரிங் இன்றும் வட்டமாகவே இருக்கிறது. விளிம்பில் ஒன்றும் இல்லை. நடுப்பகுதியில், அதுவும் அணிக்கு அணி மாறி, சில பட்டன்கள். பல ரேலி கார்களில் ஹாரனும் வைப்பரும்கூடத் துணை ஓட்டுநரின் காலடி சுவிட்சுக்குப் போய்விடும்.

ஒரு பொருளின் வடிவத்துக்குப் பின்னால் உடம்பின் நியாயம் ஒன்று இருக்கிறது. அந்த நியாயத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு வட்டம் பழமை, திரை புதுமை. அவ்வளவுதான் தெரியும்.

3

சரி, அந்த 100 கிலோவாட் எப்படித்தான் வெளியே வரும்? ஆக்சிலரேட்டர் பெடலில் வரும். தனிப் பட்டன் கிடையாது. ஸ்டேஜ் தொடங்கும் கோட்டில் முதல் உந்தல் கிடைக்கும். அதற்குப் பிறகு சும்மா கிடைக்காது. பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். விதி சொல்லும் அளவுக்குச் சேர்த்தால்தான் அடுத்த உந்தல். பிரேக்கில் சம்பாதித்து ஆக்சிலரேட்டரில் செலவழிக்க வேண்டும். கடன் கிடையாது.

இதன் அழகு புரிய வேண்டுமென்றால் 2009இல் ஃபார்முலா ஒன்னில் வந்த கெர்ஸ் கருவியை நினைத்துப்பாருங்கள். அங்கே உண்மையிலேயே ஸ்டீயரிங்கில் ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் 60 கிலோவாட், ஒரு சுற்றுக்கு ஆறரை நொடி சொச்சம். நேர்ச்சாலை வந்ததும் அமுக்கு. அது ஒரு கூப்பன் மாதிரி.

ரேலியில் நேர்ச்சாலை என்று நம்ப எதுவும் இல்லை. அதனால் உந்தலைப் பாதத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு வளைவுக்கு முன் பிரேக்கை எவ்வளவு, எங்கே மிதிப்பது என்பது அந்த வளைவோடு முடிவதில்லை. அதற்கு அடுத்த வெளியேற்றத்தில் கையில் என்ன இருக்கும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கணக்கில் பழகிய கால் இந்தப் புதுக் கணக்கையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பட்டனை அமுக்க ஒரு நாள் போதும். இதற்கு உடம்பே திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் தேறினார்கள்? முதல் ஹைப்ரிட் ரேலியான 2022 மோன்டி கார்லோவை வென்றவர் செபாஸ்டியன் லோப். வயது 47. அதே ஆண்டு பட்டத்தை வென்ற காலே ரோவன்பெராவுக்கு வயது 22. சாம்பியன்ஷிப்பின் வரலாற்றில் மிக மூத்த வெற்றியாளரும் மிக இளைய சாம்பியனும் அதே ஆண்டில், அதே வகைக் காரில். இயந்திரமே ஓட்டியிருந்தால் இந்த இருவரின் பெயர் எதற்கு நமக்குத் தெரிய வேண்டும்?

4

இதற்குள் ஒரு புத்திசாலி வாசகர் கையைத் தூக்கியிருப்பார். ‘பெடல்னு சொல்றீங்க. ஆனா பெடலை எவ்வளவு மிதிச்சா எவ்வளவு கரண்ட் வரணும்னு ஒரு எஞ்சினியர் லேப்டாப்ல முன்னாடியே எழுதி வச்சிருக்கானே? அப்போ முடிவு யாரோடது?’

நல்ல கேள்வி. அந்த எழுத்துக்கு ‘மேப்’ என்று பெயர். சேர்த்த ஆற்றல் எப்போது, எப்படிக் கரைய வேண்டும் என்று அது சொல்லும். பனி ரோட்டுக்கு ஒன்று, காய்ந்த தாருக்கு ஒன்று என்று மேப்பைத் தேர்ந்துகொண்டுதான் டிரைவர் ஸ்டேஜுக்குள் நுழைவார். ஆக, ஒரு பகுதி முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. உண்மை.

ஆனால் முன்பே எடுத்த முடிவு என்பதாலேயே அது மனித முடிவு இல்லை என்று ஆகிவிடுமா? ரேலியின் உயிரே முன்பே எழுதப்பட்ட ஒரு பிரதியில்தான் இருக்கிறது. பந்தயத்துக்கு முன், ஒவ்வொரு ஸ்டேஜையும் இரண்டு முறை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். டிரைவர் வளைவு வளைவாகச் சொல்லச் சொல்ல, துணை ஓட்டுநர் நோட்டில் சுருக்கெழுத்தாக எழுதுவார். பந்தய நாளில் அந்த நோட்டை, குலுங்கும் காரில், கார் இருக்கும் இடத்துக்கு இரண்டு வளைவு முன்னால் வாசிப்பார். ஒரு வரி முந்தினாலும் பிந்தினாலும் மரத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

லோப் வென்ற அந்த ரேலியில் நோட்டை வாசித்தவர் இசபெல் கால்மிஷ். கணித ஆசிரியை. 1997இல் ஃபாப்ரிஸியா போன்ஸ் வென்ற பிறகு உலக ரேலி ஒன்றை வென்ற முதல் பெண். இரண்டாமிடத்துக்கும் அவர்களுக்கும் இடையே 10.5 நொடிகள்தான். அந்தப் பத்து நொடியில் எவ்வளவு பெடல், எவ்வளவு மேப், எவ்வளவு வாசிப்பு என்று பிரித்துக்காட்ட யாராலும் முடியாது.

எழுதுகிறவர்களுக்கு இது புரியாமல் இருக்கக் கூடாது. முன்பே எழுதியதை அந்தக் கணத்தில் உயிரோடு வாசிப்பது நம் தொழில். மேப்பும் நோட்டும் அதே இனம். அதைப் பார்த்து ‘மென்பொருள் மயம்’ என்று முகம் சுளிப்பவர், எழுத்தையும் அப்படியே சுளிக்க வேண்டும்.

5

இதில் நமக்கென்ன வந்தது என்று கேட்கலாம். வந்திருக்கிறது. நம் கையைப் பிடுங்கிய கார்கள் ரேலியில் ஓடவில்லை. நம் தெருவில் ஓடுகின்றன.

போன மாதம் ஒரு நண்பரின் புதுக் காரில் போனேன். ஏசியைக் குறைக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு திருகு, பார்க்காமலே திருப்பலாம். இப்போது திரையில் ஒரு படம், அதைத் தொட்டால் இன்னொரு பக்கம், அதில் ஒரு கோடு. எதிரே தண்ணி லாரி. நண்பரின் கண் திரையில். ‘மச்சி, ரோட்டைப் பாருடா’ என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது.

இது ஒரு கம்பெனியின் தவறு மட்டுமல்ல, ஒரு காலத்தின் மோகம். டெஸ்லா 2021இல் மாடல் எஸ் காரின் ஸ்டீயரிங்கைப் பாதியாக வெட்டி, இண்டிகேட்டர் தண்டையும் எடுத்துவிட்டு, தொடு பட்டன்களை வைத்தது. ஸ்டீயரிங் திரும்பும்போது பட்டனும் சேர்ந்து திரும்பிவிடும். ரவுண்டானாவில் இடது எது, வலது எது? ஃபோக்ஸ்வாகன் ஸ்டீயரிங்கில் தொடு பரப்புகளைப் போட்டு, வாடிக்கையாளர்கள் திட்டிய பிறகு 2022இல் நிஜப் பட்டன்களுக்கே திரும்புவதாக அறிவித்தது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தொட்டு உணரும் நிஜக் கட்டுப்பாடுகள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது.

கவனியுங்கள். 500 குதிரைத்திறன் காரை ஓட்டும் உலக சாம்பியனுக்குப் பெடலும் நெம்புகோலும் வட்ட ஸ்டீயரிங்கும். குழந்தையைப் பள்ளியில் விடப்போகும் நமக்கு வழவழப்பான கண்ணாடி. வேகம் தெரிந்தவர்கள் தொடு உணர்வைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கவனம் சிதறக் கூடாத நம்மிடமிருந்து அதை எடுத்து, புதுமை என்று பேர் வைத்து, நம்மிடமே காசும் வாங்கிக்கொண்டார்கள். கோபம் வர வேண்டிய இடம் இது.

6

அந்த ஹைப்ரிட் இப்போது ரேலியில் இல்லை. 2025 பருவத்திலிருந்து பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். காரின் குறைந்தபட்ச எடை 1260 கிலோவிலிருந்து 1180 கிலோவாகியது. செலவு, சிக்கல், எடை என்று காரணங்கள் இருந்தன. அதில் நியாயமும் உண்டு. விளக்கு பச்சையாக எரியாவிட்டால் ஓடக்கூடிய காரும் ஸ்டேஜைத் தொடங்க முடியாது என்ற நிலை யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் செய்தி வந்ததும் ‘அப்பாடா, இயந்திரம் தோத்துடுச்சு, மனுஷன் ஜெயிச்சுட்டான்’ என்று கொண்டாடியவர்களைப் பார்த்தபோது சலிப்பாக இருந்தது. கழற்றப்பட்டது மனிதனைத் தின்ற இயந்திரம் அல்ல. பாதத்தின் நுணுக்கத்தை ஒரு படி கூடுதலாகக் கேட்ட இயந்திரம். மூன்று பருவம் ஓடியது. அதன் ஸ்டீயரிங்கை ஒருமுறைகூட உற்றுப் பார்க்காமல் அதற்கு இரங்கற்பா எழுதினார்கள், பிறகு அதன் சாவுக்கு வெடியும் போட்டார்கள்.

இளைய எழுத்தாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு கருவியைப் பற்றி எழுதும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். கை எங்கே போகிறது? கண் எங்கே இருக்கிறது? முடிவை எப்போது, யார் எடுக்கிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்த பிறகு இயந்திரத்தைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். திட்ட வேண்டிய இயந்திரங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எது என்று தெரிந்து திட்ட வேண்டும்.