நூலகத்துக்கு மாடிப்படியா?

எம் ஊர் நகராட்சிக்குப் புதிய கட்டடம் எழவிருக்கின்றது. பழைய ஓட்டுக் கட்டடம் மழைக்கு ஒழுகுகின்றது. பிறப்புச் சான்று வாங்கக் கைக்குழந்தையொடு வரும் தாய் வெயிலில் நிற்கின்றாள். ஆகவே புதுக் கட்டடம் வேண்டும் என்பதில் எவர்க்கும் மாறுபாடு இல்லை. குடிக்கூலி வீட்டில் இடுங்கிக் கிடக்கும் கிளை நூலகத்துக்கும் அங்கேயே இடம் தருவதாக மன்றத்தார் அறிவித்தனர். கேட்டு மகிழ்ந்தோம். வரைபடத்தைக் கண்டபின் அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை.

கீழ்த்தளத்தின் முன்புறம் தலைவர் அறை, ஆணையர் அறை, மன்றக் கூடம். அவற்றை அடுத்து வரி வாங்கும் இடம். நூலகமோ மாடியில், பின்புறத்தில், 1,200 சதுர அடியில்! மன்ற உறுப்பினருள் ஒருவர் என்னிடம் பயின்றவர். அவரிடம் கரணியம் கேட்டேன். "ஐயா, வரி கட்ட நாள்தோறும் மக்கள் வருகின்றனர். நூலகத்துக்கு வருவோர் சிலரே. அவர்கள் மாடியேறினால் என்ன குறை?" என்றார். பணிவாகத்தான் கேட்டார். அவர்க்குச் சொன்ன விடையை ஈண்டும் எழுதுகின்றேன். ஏனெனில் இக்கேள்வி எம் ஊர்க்கு மட்டும் உரியதன்று.

முதலாவது, மாடியேற இயலாதவரே நூலகத்தை மிகுதியும் நாடுவோர். காலையில் நாளிதழ் படிக்க வரும் முதியோர், சிறுவர், கால் ஊனமுற்றோர் ஆகியோர்க்குப் படிக்கட்டு ஒரு பூட்டு. பொதுக் கட்டடங்கள் எல்லார்க்கும் எட்டுவனவாக இருத்தல் வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகின்றது. மின்தூக்கி வைப்போம் என்பர். மின்தூக்கி பழுதுற்றால் அதனைச் சீர்செய்ய எத்தனை திங்கள் ஆகும் என்பதை ஊரார் அறிவர்.

இரண்டாவது, நூல் கனமானது. நூலடுக்கு அறையின் தளம், பொது அலுவலக அறையின் தளத்தினும் ஒன்றரை மடங்குக்குக் குறையாத சுமையைத் தாங்குமாறு கட்டப்பெறல் வேண்டும் என்பது கட்டடப் பொறியியலின் நெறி. கணக்கிட்டுத் தூணும் உத்தரமும் அமைத்தால் மாடியும் தாங்கும். ஆயின் செலவு ஏறும். கணக்கிடாது விட்டால் தளம் தொய்யும். அதே நூல்களைத் தரைத்தளத்தில் வைத்தால் அச்சுமையை மண்ணே தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, 1,200 சதுர அடி எதற்குப் போதும்? ஓர் அடி நீளத் தட்டில் ஏறத்தாழப் பத்து நூல்கள் அடங்கும். மூன்றடி அகலமும் ஆறு தட்டுகளும் உடைய இருபுற அடுக்கு ஒன்றில் 360 நூல்கள் வைக்கலாம். இருபதாயிரம் நூல்களுக்கு 56 அடுக்குகள் வேண்டும். அடுக்கும் இடைவழியுமாக ஒன்றுக்குப் பதினைந்து சதுர அடி எனக் கொள்ளின் 840 சதுர அடி ஆயிற்று. குறுக்குவழியும் நூலகர் இருக்கையும் சேர்ந்தால் எஞ்சுவது ஒரு திண்ணை அளவே. படிப்போர் எங்கே அமர்வர்? ஒருவர்க்கு 25 சதுர அடி என நாற்பதின்மர்க்கு ஆயிரம் சதுர அடி வேண்டாவா? சிறுவர் பகுதி வேண்டாவா? அடுத்த ஆண்டு வரும் நூல்களுக்கு இடம் வேண்டாவா? எவ்வாறு சுருக்கினும் 3,000 சதுர அடிக்குக் குறைந்தால் அது நூலகமாகாது, நூற்கிடங்கே ஆகும்.

நூலகம் வளர்கின்ற ஓர் உயிரி என்பது நூலக அறிவியலின் தந்தை சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நெறிகளுள் இறுதியானது. அவர் முயற்சியின் பயனாகவே விடுதலைபெற்ற இந்தியாவின் முதற் பொதுநூலகச் சட்டம் 1948-இல் சென்னையில் நிறைவேறிற்று. அச்சட்டத்தின்படிச் சொத்துவரியோடு நூலக வரியும் தண்டப்பெறுகின்றது; இன்று அஃது உருபாவுக்குப் பத்துக் காசு. அவ்வாறாயின் நூலகம் மன்றத்தார் இடும் ஈகையன்று. வீடுடையார் ஒவ்வொருவரும் விலைகொடுத்து வாங்கிய உரிமை. வரி வாங்கும் பலகணி முன்புறத்தில். அவ்வரியால் வாழும் நூலகம் பின்மாடியிலா?

ஊராட்சி அமைப்பொன்று நூலகத்தை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதற்குத் தமிழரிடையே ஒரு பெருஞ்சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா 1933-இல் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு படிப்பகம் வளர்ந்து நகராட்சியின் கைக்கு வந்தது. மன்றத்தார் அதனை அலுவலகத்தின் ஒரு மூலையில் ஒதுக்கிவிடவில்லை. தனி நிலம் தந்தனர். அரங்கநாதனிடம் அறிவுரை பெற்றனர். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனைக்கொண்டு வரைபடம் அமைத்தனர். 1954-இல் அடிக்கல் நாட்டி 1959-இல் திறந்தனர். 1981-இல் அது தீக்கிரையாக்கப்பெற்றபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஓர் இனத்தின் நெஞ்சு எங்கே இருக்கின்றது என்பதைப் பகைவர் அறிந்திருந்தனர். நம் மன்றத்தார் அறிய வேண்டாவா?

குறை கூறுவது எளிது; மாற்று வழி சொல்லுதல் கடமை. மன்றக் கூடம் திங்களுக்கு ஒருமுறையோ இருமுறையோ கூடுவது. ஏனைய நாள்களில் பூட்டிக் கிடப்பது. அதனை மாடிக்கு ஏற்றி, மன்றம் கூடாத நாள்களில் சொற்பொழிவுக்கும் நூலாய்வுக் கூட்டத்துக்கும் தருக. உறுப்பினருள் மாடியேற இயலாதார் இருப்பின் அன்று மட்டும் கீழே ஓர் அறையில் கூடுக. தலைவர் அறையும் ஆணையர் அறையும் மாடிக்குச் செல்லலாம். மக்கள் நேரில் வரும் வரிப்பகுதியும் சான்றுப்பகுதியும் கீழேயே இருக்கட்டும், அவையும் வேண்டுவனவே. எஞ்சும் கீழ்த்தளம் நூலகத்துக்கு. அதற்குத் தெருவை நோக்கிய தனி வாயில் வேண்டும். அலுவலகம் மாலையில் பூட்டப்பெற்றபின்னரும் உழைத்துக் களைத்து வருவோர்க்கு நூலகம் திறந்திருத்தல் வேண்டும். சாளரங்கள் வடக்கு நோக்கி அமைந்தால் வெயில் நூலைச் சுடாது. வெளிச்சம் கண்ணைக் கூசாது.

தமிழன்பர்களே! பெயர்ப்பலகை தமிழில் வேண்டும் எனப் போராடினோம்; இன்னும் போராடுவோம். ஆயின் 'நூலகம்' என்று தூய தமிழில் எழுதிய பலகைக்குப் பின்னே அமர்ந்து படிக்க ஓர் இருக்கை இல்லையேல் அப்பலகையால் என்ன பயன்? படிக்க இடமில்லாத ஊரில் மொழிப்பற்று மேடையோடு முடிந்துவிடும்.

கட்டடம் ஒருமுறை எழுந்தால் ஐம்பது ஆண்டு நிற்கும். சுவர் எழுந்தபின் முறையிடுவதினும் வரைபடம் தாளில் இருக்கும்போதே கேட்பது நன்று. உங்கள் ஊரிலும் புதுக் கட்டடப் பேச்சு எழுந்தால் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நூலகம் எந்தத் தளத்தில்? எத்தனை சதுர அடியில்? எந்த வாயில் வழியே? இம்மூன்றையும் கேளுங்கள். எம் மாணவர் அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேட்பதாக ஒப்பியுள்ளார். அவர் பின்னே ஊரார் நூறுபேர் கையொப்பம் இருந்தால் அவர் குரல் தனிக்குரல் ஆகாது. கையொப்பம் திரட்டும் பணியை நான் தொடங்கிவிட்டேன்.