ஆற்றைக் கெடுப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர்

அதியன்னூரிலோ பாறசாலையிலோ நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆயினும் மேகாலய மாநிலத்து ஆறுகளுக்கு நேர்ந்த கதியை எல்லைப்புறத் தமிழர்கள் அறிந்திருப்பது அவசியம். மேட்டில் ஒருவர் செய்யும் காரியம் பள்ளத்தில் இருப்பவரின் குடிநீரைக் கெடுக்கும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

மேகாலயத்தின் ஜெயிந்தியா மலைகளில் எலிவளை போன்ற குறுகிய குழிகளைத் தோண்டி நிலக்கரி எடுத்து வந்தனர். அந்தக் கரியில் கந்தகம் அதிகம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது பூமிக்குள் புதைந்திருக்கும்வரை தொல்லையில்லை. வெளியே வந்து காற்றும் மழைநீரும் பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது. குட்டநாட்டின் கரிநில விவசாயிகளுக்கு இது புதிய செய்தியல்ல. நிலம் காய்ந்தால் புளிப்பு ஏறும். சுண்ணாம்பு இட்டால்தான் பயிர் பிழைக்கும். வயலுக்குச் சுண்ணாம்பு இடலாம். மலை முழுவதும் குழியாகிவிட்டால் எத்தனை மூட்டை போதும்?

அமில நீர் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. இரும்பு செந்நிறச் சகதியாகப் படிந்து ஓடையின் அடித்தளத்தை மூடுகிறது. கல்லிடுக்கில் வாழும் பூச்சிப் புழுக்கள் முதலில் மடிகின்றன. மீன் முட்டைகள் பொரிப்பதில்லை. மீன் ஒழிந்தால் அதை நம்பிய பறவைக்கும் நீர்நாய்க்கும் இரையில்லை. குளிர்காலத்தில் லூக்கா நதி நீலமாக மாறுவதைப் பார்த்துச் சிலர் அழகென்று வியக்கலாம். மீனில்லாத ஆற்றுக்கு அழகு எதற்கு?

இதில் எல்லைப்புற மக்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தோண்டியது மேகாலயத்தில், துன்பம் பக்கத்து அசாமுக்கும் போயிற்று. கோப்பிலி ஆற்றின் அமில நீர், நீர்மின் நிலையத்தின் இரும்புக் கருவிகளையே அரித்தது. அசாமின் திமாசா மாணவர் சங்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டது. 2014 ஏப்ரலில் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை பிறந்தது. தடை ஏட்டிலே நிற்க, தோண்டுவது திருட்டுத்தனமாகத் தொடர்ந்தது. 2018 டிசம்பர் 13ஆம் தேதி குசான் என்னுமிடத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் சிக்கி மாண்டனர். 2019இல் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அபராதம் அமிலத்தை நிறுத்தாது. குழிகளை அடைக்க வேண்டும். நீரைச் சுண்ணாம்பு கொண்டு சீர்செய்ய வேண்டும். இதற்கு ஆண்டுக்கணக்கில் பணம் தேவை. லாபம் பார்த்தவர் அதற்குள் போய்விடுவார். அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம், எடுக்கும் ஒவ்வொரு டன் கரிக்கும் கட்டணம் வாங்கி, கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைச் சீர்திருத்தச் செலவிட வழிசெய்தது. தோண்டுபவரிடம் முன்கூட்டியே பணம் பெறுவதே நியாயம்.

நெய்யாற்றங்கரை வட்டாரத்தில் தோண்டப்படுவது கருங்கல்லும் மணலும் ஆகும். இங்கே அமிலம் பயமில்லை. கல் அரைத்த தூசியும் சேறும் ஓடையில் படிவதும், ஆற்றுப்படுகை தாழ்ந்து கிணறுகள் வற்றுவதுமே பயம். ஆற்று மணல் எடுப்பதை ஒழுங்குபடுத்தக் கேரள அரசு 2001இலேயே சட்டம் இயற்றியது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மேகாலயமே சாட்சி. அனுமதி கொடுக்கும்போதே, குழியை மூடுவதற்கான தொகையை ஒப்பந்தக்காரரிடம் வாங்கி வைக்க வேண்டும். எந்தக் குழிக்கு எவ்வளவு தொகை, அது மூடப்பட்டதா என்ற விவரத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

1956இல் நிலத்தில் கோடு கிழித்து மாநிலங்களைப் பிரித்தார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று. நெய்யாற்றங்கரை இந்தப் பக்கம் நின்றது. தண்ணீர் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. அதைக் காப்பதில் மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேச்சு எதற்கு?