நாய் இருக்கிறது, நீங்கள் எங்கே?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலானோர் செய்யும் வேலை ஒன்று உண்டு. போனில் நிரம்பி வழியும் படங்களை எல்லாம் யுஎஸ்பி கேபிள் மூலம் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டு வந்து கொட்டுவதுதான் அது. கல்யாணம், காதுகுத்து, காலை வணக்கம் என்று எல்லாம் ஒன்றாக வந்து விழும். வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர் என்றால் அதன் படங்களே நூற்றுக் கணக்கில் இருக்கும். அவற்றைத் தனி போல்டரில் போட்டு, வியூ மெனுவில் எக்ஸ்ட்ரா லார்ஜ் ஐகான்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, மேலிருந்து கீழ் வரை ஒரு முறை நகர்த்திப் பாருங்கள். நாய் இருக்கும். நாயை வளர்ப்பவர் இருக்கிறாரா?

பெரும்பாலும் இருக்க மாட்டார். ஓரத்தில் ஒரு கை தெரியும், கால் கட்டைவிரல் தெரியும், அவ்வளவுதான். செல்லப் பிராணிகளைப் படம் எடுப்பது பற்றி கிடைக்கும் டிப்ஸ்களும் பெரும்பாலும் "பின்னணியை சுத்தமாக வையுங்கள், பிராணியை மட்டும் காட்டுங்கள்" என்றுதான் சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வளர்ப்பவரும் பிராணியும் சேர்ந்து இருக்கும் படம்தான் வீட்டில் வைத்துக் கொள்ள வேண்டிய படம். நாய் தனியாக உட்கார்ந்திருக்கும் படம் அழகாக இருக்கலாம். ஆனால் அது யார் வீட்டு நாயாக வேண்டுமானாலும் இருக்கலாமே!

2005ஆம் ஆண்டு ஜனவரியில் நம் தபால் துறை இந்திய நாய் இனங்களுக்கு நான்கு தபால் தலைகள் வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. தபால் தலையில் காட்ட வேண்டியது இனத்தை. அங்கே நாய் மட்டும் போதும். நம் வீட்டு ஆல்பம் தபால் தலை அல்ல.

ஜப்பானின் ஹச்சிகோ கதை பலருக்குத் தெரியும். டோக்கியோவில் விவசாயப் பேராசிரியராக இருந்த உயெனோ என்பவரின் நாய் அது. 1925ல் அவர் இறந்த பிறகும், 1935ல் தான் சாகும் வரை, ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தது. 1934ல் அந்த நிலையத்தில் அதற்குச் சிலை வைத்தார்கள். இன்று டோக்கியோ போகும் சுற்றுலாப் பயணிகள் எல்லாம் அதன் அருகில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். (இப்போது இருப்பது போருக்குப் பின் 1948ல் மறுபடியும் செய்து வைத்த சிலை.) அந்தச் சிலையில் நாய் தனியாகத்தான் இருக்கிறது. உயெனோ வேலை பார்த்த டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 2015 மார்ச்சில் இன்னொரு சிலை வைத்தார்கள். இதில் உயெனோ நிற்கிறார், ஹச்சிகோ இரண்டு கால்களில் எழுந்து அவர் மேல் தாவுகிறது. இரண்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சிலையைப் புரிந்து கொள்ள யாராவது கதை சொல்ல வேண்டும். இரண்டாவதற்குக் கதையே தேவையில்லை.

சாப்ட்வேர் வெட்டும் ஆள்

வளர்ப்பவர் படத்திலிருந்து காணாமல் போவதற்கு நம் கையில் உள்ள போனும் ஒரு காரணம். 2016ல் ஐபோன் 7 பிளஸ் போனில் வந்த போர்ட்ரெய்ட் மோட் இன்று சாதாரண போன்களில் கூட இருக்கிறது. எது முக்கியம் என்று போனே முடிவு செய்து மற்றதை எல்லாம் மங்கலாக்கி விடும். நாயின் முகம் பளிச்சென்று இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி புகை போல ஆகிவிடுவார். 2021ல் கூகுள் தன் பிக்ஸல் 6 போனுடன் மேஜிக் இரேசர் என்ற வசதியைக் கொடுத்தது. ஓரத்தில் தெரியும் ஆளை விரலால் தேய்த்தால் ஆள் மறைந்து போவார். 2022ல் வந்த ஐஓஎஸ் 16ல் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் நாய் மட்டும் கத்தரித்தது போலத் தனியே வரும்.

நானும் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன்தான். இந்த புரோகிராம்களுக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாய் எங்கே முடிகிறது, அதைத் தடவும் கை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்து கையை வெட்டி எறிவதற்காக எழுதப்பட்ட புரோகிராம் அது. நமக்கு வேண்டியதோ அந்தக் கை!

அலுவலக நண்பர் ஒருவர் பழைய டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். வீட்டில் யாரோ தெரியாமல் பார்மட் செய்து விட்டார்கள். 12 வருடம் வீட்டில் இருந்து, போன வருடம் இறந்து போன நாயின் படங்கள் அதில் இருந்தன. மெமரி கார்டில் ஒரு பைலை அழித்தால் பைல் உடனே போய்விடாது. அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டும்தான் போகும். அந்த இடத்தில் வேறு பைல் எழுதப்படும் வரை மீட்க முடியும். பார்மட் செய்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆகவே, தெரியாமல் அழித்து விட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாதீர்கள்.

போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை ஓட்டினேன். பார்மட்டில் போனவை மட்டுமல்ல, நண்பர் முன்பு தானே அழித்திருந்தவையும் சேர்ந்து வந்தன. அவர் வைத்திருந்த படங்களில் நாய் தனியாக, கம்பீரமாக இருந்தது. "கெட்டுப் போனவை" என்று அழித்தவற்றில் அவருடைய அம்மா இருந்தார். தட்டை நீட்டும் கை, புடவைத் தலைப்பைக் கடித்து இழுக்கும் நாய், கண்ணை மூடிக் கொண்டு அம்மா சிரிக்கும் முகம். பன்னிரண்டு வருடமும் அந்த நாய்க்குச் சோறு வைத்தவர், குளிப்பாட்டியவர், மாத்திரையை இட்லிக்குள் ஒளித்து ஊட்டியவர் அவர்தான். எல்லாவற்றையும் மானிட்டரில் காட்டி எதைப் பிரிண்ட் போடலாம் என்று கேட்டபோது, அந்த அம்மா கம்பீரமான படங்களைத் தொடவே இல்லை. மடியில் நாயின் தலையை வைத்து உண்ணி எடுக்கும் படம் ஒன்றைக் காட்டினார். கொஞ்சம் ஆடிப் போன படம்தான். இப்போது அவர்கள் வீட்டு டிவி பக்கத்தில் சட்டம் போட்டு இருக்கிறது.

எப்படி எடுப்பது?

முதலில் தரையில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் நாயின் முதுகும் மனிதரின் தலை உச்சியும்தான் வரும். நாய்களை வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தவர் எலியட் எர்விட் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். 2023ல் தான் காலமானார். 1974ல் நியூயார்க்கில் அவர் எடுத்த படம் ஒன்று மிகப் பிரபலம். அதில் தொப்பி போட்ட ஒரு குட்டி நாய், பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அதற்கும் பக்கத்தில் ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள். அந்தப் பெண்ணின் முகம் படத்திலேயே இல்லை. இருந்தாலும் மூவரும் ஒன்றாக வாக்கிங் வந்தவர்கள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. குட்டி நாயின் உயரத்துக்கு கேமரா இறங்கியதால் கிடைத்த படம் அது.

அடுத்தது, நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். விசிலும் வேண்டாம். கூப்பிட்டால் அது உங்களைப் பார்க்கும். நமக்கு வேண்டியது அது தன் மனிதரைப் பார்க்கும் பார்வை. அவர் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யட்டும். சோறு பிசையட்டும், சங்கிலி மாட்டட்டும், திண்ணையில் பேப்பர் படிக்கட்டும். பூனை என்றால் உங்கள் கீபோர்டு மேலேயே வந்து படுக்கும். (பழைய சிஆர்டி மானிட்டர் காலத்தில் அதன் தலையில் சூடாகப் படுத்துக் கொண்டிருந்த பூனைகள், தட்டையான மானிட்டர் வந்ததும் இடம் இல்லாமல் தவித்தன!)

"கட்டிப் பிடித்துக் கொள்ளுங்கள்" என்றும் சொல்லாதீர்கள். கனடாவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன், நாயை மனிதர் கட்டிப் பிடித்திருக்கும் 250 படங்களை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துப் பார்த்து 2016ல் எழுதினார். நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டவற்றில் நாய் சங்கடப்படுவதற்கான அறிகுறி இருந்ததாம். முகத்தைத் திருப்புவது, காதை மடக்குவது, உதட்டை நக்குவது போன்றவை. முறையான ஆய்வு அல்ல, அவருடைய கவனிப்பு என்று அவரே சொல்லி இருக்கிறார். என்றாலும் உங்கள் போல்டரில் உள்ள படங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் சில விஷயங்கள் புரியும். நாய்க்குக் கூலிங் கிளாஸ் மாட்டி எடுக்கும் படங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

பிளாஷை அணைத்து விடுங்கள். நாய், பூனையின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. பிளாஷ் பட்டால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். சாப்ட்வேர்களில் உள்ள ரெட் ஐ நீக்கும் வசதி சிவப்பைத்தான் தேடும் என்பதால் இதற்கு உதவாது. ஜன்னல் ஓரத்தில் எடுத்தாலே போதுமான வெளிச்சம் கிடைக்கும். கறுப்பு நாய் என்றால் திரையில் அதன் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள்.

இனி முக்கியமான சிக்கல். வீட்டில் யார் நாயை அதிகம் கவனிக்கிறாரோ அவர் கையில்தான் போனும் இருக்கும். பிறகு அவர் எப்படிப் படத்தில் வருவார்? போனை ஒரு பாத்திரத்தில் சாய்த்து வைத்து ஐந்து நிமிடம் வீடியோ ஓட விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்த வீடியோவை கம்ப்யூட்டருக்கு மாற்றி விஎல்சி பிளேயரில் திறந்து, பிடித்த இடத்தில் நிறுத்தி, ஷிப்ட் கீயுடன் எஸ் கீயை அழுத்தினால் அந்தக் காட்சி படமாக பிக்சர்ஸ் போல்டரில் சேர்ந்து விடும். புல் எச்டி வீடியோவின் ஒரு காட்சி சுமார் 2 மெகாபிக்ஸல். 6க்கு 4 அங்குல பிரிண்டுக்கு அது போதும். 4கே என்றால் 8 மெகாபிக்ஸல் கிடைக்கும்.

"இந்த நைட்டியோடா? இரு, புடவை மாற்றிக் கொண்டு வருகிறேன்" என்று அம்மா சொல்வார். "பனியனோடு எடுக்காதே" என்று அப்பா சொல்வார். அவர்கள் பயப்படுவது ஊர் பார்க்குமே என்றுதான். "யாருக்கும் அனுப்ப மாட்டேன், நம் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்து கொள்ளுங்கள். லைக் வாங்குவதற்காக எடுக்கும் படமும் வீட்டுக்காக எடுக்கும் படமும் வேறு வேறு.

வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள்

போனில் இருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக் கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி விடும். 2023ல் வந்த எச்டி வசதியிலும் கொஞ்சம் சுருக்கம் உண்டு. அதை விடப் பெரிய நஷ்டம், பைலுக்குள் கேமரா எழுதி வைக்கும் தேதி போய்விடுவது. எக்ஸிப் என்று இதற்குப் பெயர். மீட்ட படங்களுக்கு போட்டோரெக் பழைய பெயரைத் தராது. எப் என்ற எழுத்தும் நீளமான ஒரு எண்ணும்தான் பெயராக இருக்கும். ஆனாலும் நண்பரின் படங்களை வருட வாரியாக அடுக்க முடிந்தது இந்த எக்ஸிப் தேதியால்தான். எனவே கேபிளைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள்.

கூகுள் போட்டோஸ் 2017லிருந்து மனிதர்களைப் போலவே நாய், பூனைகளையும் முகம் பார்த்துப் பிரித்து அடுக்குகிறது. 2023ல் வந்த ஐஓஎஸ் 17லும் அந்த வசதி உண்டு. உங்கள் நாயின் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், எத்தனை படம் வருகிறது என்று தெரிந்து விடும். ஆனால் அதுவே பாதுகாப்பு என்று இருந்து விடாதீர்கள். கூகுள் கொடுத்த பிகாசாவை 2016ல் அவர்களே நிறுத்தினார்கள். அளவில்லாமல் இலவசம் என்ற சலுகையும் 2021 ஜூன் முதல் தேதியோடு முடிந்து, 15 ஜிபி என்று ஆகிவிட்டது. அதனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், வெளியில் வைக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு நகல் என்று வைத்துக் கொள்ளுங்கள். மங்கலான படத்தையும் சேர்த்தே காப்பி செய்யுங்கள். டெலிட் கீயை அழுத்தும் முன் ஓரத்தில் யார் கை தெரிகிறது என்று பாருங்கள்.

பைலைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தினால் பெயரை மாற்றலாம். விண்டோஸ் தமிழ்ப் பெயர்களை ஏற்றுக் கொள்ளும். அங்கே நாயின் பெயரை மட்டும் எழுதி விடாமல் "2019 பொங்கல், மணி, பெரியப்பா, கிணற்றடி" என்று முழுதாக டைப் செய்யுங்கள்.