விண்கல் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்



2025 பிப்ரவரியில் எல்லார் வீட்டு செல்போனிலும் ஒரு செய்தி ஓடியது, நினைவிருக்கிறதா? 2032 டிசம்பர் 22-ந் தேதி பூமி மீது விண்கல் மோதப் போகிறது, அது விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருக்கிறது என்று. பின்னணியில் இடி முழக்கம் வேறு. அப்போது ஏழாவது படித்த என் மகள், "அம்மா, நான் காலேஜ் போவேனா, மாட்டேனா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"போனைப் பிடுங்கி வை" என்றார்கள் அக்கம்பக்கத்தில். பிடுங்கினால் பயம் போய்விடுமா? பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை சொல்லத்தான் போகிறது. அதே போனில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் வெளியிட்டிருந்த விவரங்களை எடுத்து, பாடப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். புரியாததை மொழிபெயர்த்துக் காட்டவும் போனே உதவியது.

சூரியனைச் சுற்றி வரும் பாறைக்குச் சிறுகோள் என்று பெயர். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகின்றன. தரையில் வந்து விழுந்த துண்டுதான் விண்கல். டிவியில் எல்லாமே விண்கல்தான்! (என் மாமியார், "ஏம்மா, அதுக்கும் பெயர்ச்சி உண்டா?" என்றார். தினமும் நவக்கிரகம் சுற்றுகிறவர், கேட்கத்தானே செய்வார்.)

அந்தச் சிறுகோளை 2024 டிசம்பர் 27-ந் தேதி சிலி நாட்டில் உள்ள தொலைநோக்கி கண்டுபிடித்தது. மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. வீடியோக்காரர்கள் அத்தோடு நிறுத்திக் கொண்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அது ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டதை எத்தனை பேர் சொன்னார்கள்? ராத்திரி எங்கள் திருவாலங்காடு ஸ்டேஷனில் நின்று, அரக்கோணம் பக்கமிருந்து வரும் ரயிலின் விளக்கைப் பாருங்கள். முதலில் எந்த லைன் என்றே தெரியாது. நம் பிளாட்பாரத்துக்கே வருவது போலத்தான் இருக்கும். விடாமல் பார்த்துக் கொண்டிருந்தால் அது பக்கத்து லைன் என்று தெளிவாகிவிடும். சிறுகோள் கணக்கும் அப்படித்தான், பார்க்கப் பார்க்கத்தான் துல்லியமாகும். இதைச் சொன்ன பிறகுதான் மகள் முகம் தெளிந்தது.

அப்புறம் அவளாகவே தேட ஆரம்பித்தாள். தேடத் தேட நம்ம ஊர்ச் சமாச்சாரமாக வந்தது. ஆசியாவிலிருந்து முதன்முதலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தது நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில், 1861 ஏப்ரல் 17-ல். கண்டவர் போக்சன் என்ற வெள்ளைக்காரர். அதற்கு 'ஆசியா' என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் அதே ரயில் பாதையில் வாணியம்பாடியில் இறங்கினால், மலை மேலே காவலூர். அங்கிருந்து 1988-ல் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயர்.

2029 சித்திரை முதல் நாள் விடியலுக்கு முன், அபோபிஸ் என்ற சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 32 ஆயிரம் கிலோமீட்டரில் கடந்து போகும். நம் டிஷ்ஷுக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்களைவிடக் கிட்டே! மோதாது என்று ஏற்கெனவே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இடி முழக்க வீடியோ கட்டாயம் வரும். அதற்குள் நம் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

அமெரிக்காவிலிருந்து நடத்தப்படும் ஒரு திட்டத்தில், தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். சில நிமிட இடைவெளியில் எடுத்த நாலு படத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, நகரும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். 2020-ல் சூரத் நகரத்தின் பத்தாம் வகுப்பு மாணவிகள் இரண்டு பேர் இப்படித்தான் ஒரு சிறுகோளைக் கண்டார்கள். இதற்கு போன் போதாது, கம்ப்யூட்டர் வேண்டும். நம் அரசுப் பள்ளிகளில்தான் ஹைடெக் லேப் இருக்கிறதே! பொட்டப்புள்ள ராத்திரியில் மொட்டை மாடிக்குப் போகக்கூடாது என்கிற வீடுகளில்கூட, பட்டப்பகலில் பள்ளிக்கூடத்தில் நட்சத்திரப் படம் பார்ப்பதை யார் தடுப்பார்கள்?

செய்முறைக் குறிப்பு மட்டும் தமிழில் வேண்டும். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கருங்கல் தூணில் அந்தக் காலத்திலேயே தமிழிலும் எழுதி வைத்தார்கள். இன்றைக்கு நாலு பக்கம் எழுதித்தர ஆளா இல்லை? கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டத்தில் நான் இதைத்தான் கேட்கப் போகிறேன். மற்ற ஊர்ச் சகோதரிகளும் உங்கள் பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

- ஒரு வாசகி, திருவாலங்காடு