நாடகம் நள்ளிரவில்தான் தொடங்குகிறது

நாடகத் துறை மாணவர்களும் கலை பண்பாட்டுத் துறை அதிகாரிகளும் பங்குனி மாதம் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று ஊர் ஊராகப் போக வேண்டும். நாடகம் பார்ப்பதற்காக மட்டுமல்ல, அது எப்படி நடத்தப்படுகிறது என்று பார்ப்பதற்காக. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பெயரைப் புதுவைப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்கு வைத்துப் பெருமை செய்திருக்கிறது. ஆனால் அவருடைய நாடகங்களை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பவை கரிசல் காட்டு ஊர்களின் கோயில் பொட்டல்கள். அங்கே நடப்பது தெரியாமல் எழுதப்படும் விதியும் உதவித் திட்டமும், நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டாலும், அந்தக் கலையின் கழுத்தில்தான் போய் விழுகின்றன.

இந்தப் பொட்டல்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. இயக்குநர் இல்லை, ஒத்திகையும் இல்லை. திருவிழாக் கமிட்டி தலைக்கட்டு வரி வசூலித்து, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறது. நாடக நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்தாலே இந்த ஏற்பாடு விளங்கிவிடும். வரிசையாகப் படங்கள், ஒவ்வொரு படத்தோடும் பெயர், பெயருக்கு முன்னால் ஊர். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று நாலா பக்கமிருந்தும் வருகிறவர்கள் அன்றிரவு வேஷம் கட்டும் இடத்தில்தான் ஒருவரையொருவர் பார்க்கவே கூடும். ஆனாலும் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' விடியும்வரை தடங்கல் இல்லாமல் போகிறது. பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். மிச்சத்தை ஆர்மோனியக்காரர் பார்த்துக்கொள்கிறார். நாரதர் எந்தக் கட்டையில் எடுக்கிறார், வள்ளிக்கு எது ஒத்துவரும் என்று முதல் அடியிலேயே பிடித்து, மேடை ஓரத்தில் உட்கார்ந்தபடியே இரவு முழுக்க எல்லோரையும் ஒரே சுருதியில் கட்டி நிறுத்துகிறார். நாடகப் பள்ளியில் இயக்குநர் செய்யும் வேலையில் பாதி இங்கே அவருடையது. சினிமா வந்ததும் சம்பளப் பட்டியலும் சாப்பாட்டுச் செலவும் தாங்காமல் பெரிய கம்பெனிகள் சரிந்தன. சுமக்கக் கம்பெனி இல்லாததால் ஸ்பெஷல் நாடகம் தப்பித்தது.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி மழை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் மிளகாயும் பருத்தியும் சோளமும் வீடு சேரும். வீட்டில் காசு இருந்தால் வரி வசூலாகும், வரி வசூலானால் நாடகம். கலைஞர்களின் ஆண்டு வருமானமே மாசியிலிருந்து சில மாதங்களுக்குள்தான். விருது கொடுப்பதையும் விழா எடுப்பதையும் விட, மழை மாதங்களில் வேலையற்றிருக்கும் கலைஞருக்கு மாதாமாதம் போய்ச் சேரும் சிறு தொகைதான் உண்மையான உதவி. ஒரு சீசன் முழுக்கக் கூடவே போய்ப் பார்க்கிறவருக்கு இது தானாகவே தெரியும். அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் அப்படிக் கூடவே போனவர். மதுரையில் தங்கி, நடிகைகளோடு சேர்ந்து இரவுப் பயணம் போய், கண்டதை 2005-இல் நூலாக வெளியிட்டார். மேடைக்கு வெளியே, வேனிலும் சாலையிலும் பெண் கலைஞர்கள் தங்கள் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள என்ன பாடுபடுகிறார்கள் என்பது அரங்கில் உட்கார்ந்து பார்த்தவருக்குக் கிடைத்திருக்காது. நம் ஊர்களில் தொகுதி நிதியில் கட்டிய கலையரங்கங்கள் நிறைய உண்டு. அவற்றின் பின்னால் பெண்கள் உடை மாற்ற ஓர் அறையும் ஒரு கழிப்பறையும் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த கலையரங்கத்துக்கு வரைபடம் போடலாமே.

இதைவிட முக்கியமானது நேரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாள் வரை, அதுவும் நள்ளிரவு வரை மட்டும், மாநில அரசு தளர்வு தரலாம். மூடிய அரங்கத்துக்கு விலக்கு உண்டு. நகரத்துச் சபாவை விதி தொடவில்லை, கூரையில்லாத பொட்டலைத் தொடுகிறது. ஸ்பெஷல் நாடகமோ பத்து மணிக்குத்தான் ஆரம்பம். முதல் இரண்டு மணி நேரம் பபூனும் டான்ஸும். வள்ளியும் நாரதரும் வருவதும், தர்க்கம் சூடுபிடிப்பதும், சுவாமிகளின் பாட்டும் தமிழும் வெளிப்படுவதும் அதன் பிறகுதான். பன்னிரண்டு மணிக்கு மைக்கை நிறுத்தினால், ஆபாசம் என்று பலரும் குறைசொல்லும் பகுதி முழுதாக மிஞ்சுகிறது, இலக்கியம் வெட்டுப்படுகிறது. இரட்டை அர்த்தப் பேச்சைக் கண்டிக்கிறவர்கள்தான் பின்னிரவு அனுமதியை முதலில் கேட்க வேண்டும்.

ஆறு மணிக்கே தொடங்கினால் என்ன என்று கேட்பார்கள். சாமி கும்பிட்டு, முளைப்பாரி கரைத்து, காட்டு வேலையும் மில் வேலையும் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டு உட்காரும்போது பத்தாகிவிடுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஊரெங்கும் கட்டும் குழாய் ஸ்பீக்கரை இறக்கிவிட்டு, கூட்டத்தை நோக்கி இரண்டு பெட்டிகளை மட்டும் குறைந்த சத்தத்தில் வைத்தால், உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது போதும். ஓர் ஊரில் ஆண்டுக்கு ஓரிரவோ ஈரிரவோ நடக்கும் நாடகத்துக்கு இந்த நிபந்தனையோடு விடியும்வரை அனுமதி கிடைக்கும்படி விதியைத் திருத்தச் சொல்லி மத்திய அரசிடம் மாநில அரசு கேட்கலாம். அடுத்த மாசிக்கு முன்னால் அந்தக் கடிதம் போக வேண்டும்.