'ஒத்துக்கலை'ன்னு சும்மா இருந்துடாதீங்க!

உதட்டோரத்தில் கருப்பாக ஒரு திட்டு. 'சூட்டுக் கொப்புளம் டாக்டர்' என்று வந்தார் ஓர் அம்மா. நானும் உடல்சூடு தணிய மருந்து கொடுத்து அனுப்பினேன். குறைந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். அதே உதடு, அதே இடம்! மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. 'ஏம்மா, இது வர்றதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?' என்றேன்.

'மூட்டுவலிக்குக் கடையில வாங்கி ஒண்ணே ஒண்ணு போட்டேன். அதையெல்லாமா சொல்லணும்?'

சிலருக்குச் சில வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. விழுங்கும்போதெல்லாம் அதே இடத்தில் திட்டு வந்து நிற்கும். 'இனி அதைத் தொடாதீங்க' என்று சொன்னேன். அதோடு விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. இந்த அம்மா தப்பித்தார். அதே மாத்திரையை வாங்கும் மற்றவர்களுக்கு யார் சொல்வது?

மாதவிலக்கு வலிக்குப் பல வீடுகளில் சீட்டு இல்லாமலே வாங்கும் மருந்து மெஃபனாமிக் ஆசிட். 2023 நவம்பரில் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தக ஆணையம் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அபூர்வமாகச் சிலருக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு வரலாம். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்தும் வரலாம். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. இந்த எச்சரிக்கை எங்கிருந்து பிறந்தது தெரியுமா? நாட்டின் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த புகார்களிலிருந்து! ஒவ்வொருவரும் 'நமக்கு ஒத்துக்கலை' என்று சும்மா இருந்திருந்தால் அது வெளியே தெரிந்தே இருக்காது.

புகார் செய்ய டாக்டராக இருக்க வேண்டாம். 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அலுவலக நாட்களில் நீங்களே பேசலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. 'இந்த மருந்தால்தான் வந்தது' என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். நோயாளியின் பெயரை வெளியே விடமாட்டார்கள்.

'நாட்டு மருந்துதானே, அது என்ன செய்யும்?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்த மருத்துவனாகவே சொல்கிறேன், செய்யும்! சேராங்கொட்டையைச் சரியாகச் சுத்தி செய்யாமல் கொடுத்தால் உடம்பெல்லாம் அரித்துக் கொப்பளிக்கும். பக்க விளைவே கிடையாது என்று சொல்லி விற்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி, ஹோமியோபதி மருந்துகளின் பாதகங்களைப் பதிவு செய்ய ஆயுஷ் அமைச்சகம் 2018-இல் தனி ஏற்பாடு செய்தது. சித்த மருந்துக்குத் தாம்பரம் சானட்டோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம். எங்கள் மருந்தின் மேல் குறை சொன்னால் எங்களுக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. மூடி மறைத்தால்தான் குறைச்சல்.

வீட்டில் ஒரு பழக்கம் வையுங்கள். மாத்திரை அட்டையில் தொகுதி எண் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். கடைக்காரர் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்தால் அது அவரிடமே நின்றுவிடும். கேட்டுப் பில்லில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், கம்பெனி, எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், எப்போது தொந்தரவு ஆரம்பித்தது, நிறுத்தியதும் குறைந்ததா, கூடவே வேறென்ன சாப்பிட்டீர்கள்... நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். பெயரே போடாத பொட்டலச் சூரணத்தில் இதில் எதையுமே குறிக்க முடியாது. அதை வாங்காமல் இருக்க இந்த ஒரு காரணம் போதாதா?

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சலோடு கொப்புளம் வந்தாலோ முதலில் ஆஸ்பத்திரி. புகார் அப்புறம்.

அந்த அம்மா அடுத்த முறை வரும்போது படிவம் என் மேஜையில் தயாராக இருக்கும். நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், 'இதைப் பதிவு பண்ணிட்டீங்களா டாக்டர்?' என்று. எங்களுக்கும் யாராவது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது!