இரைச்சலை அடக்கும் முன்…



அணுசக்தி நகரில் வசிக்கும் ஒரு குடும்பத்தாரை அண்மையில் சந்திக்கச் சென்றிருந்தேன். தகப்பனார் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குகிறவர். மகன் பொறியியல் மாணவன். அவனுடைய படிப்புக்கென்று தாயார் தம் வளையல்களை அடகு வைத்து ஒரு கேமிங் மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். “ஐயா, இதைத் திறந்தாலே மாவு மில் மாதிரி இரைகிறது. இவங்க அப்பாவால் கண்மூட முடியவில்லை” என்று முறையிட்டார். தகப்பனார்மேல் உள்ள கரிசனையால் மகன் ஒரு மென்பொருளை நிறுவி, விசிறியின் வேகத்தைக் குறைத்து அப்படியே நிறுத்திவைத்தான். வீடு அமைதியாயிற்று. மூன்றாம் நாளில், எழுதிக்கொண்டிருந்த புராஜெக்ட் அறிக்கையைச் சேமிக்கும் முன்னரே கணினி தானாக அணைந்துபோயிற்று. பல மணி நேர உழைப்பு வீணாயிற்று.

மகனுடைய நோக்கம் நல்லது. ஆனால் அவன் அடக்கியது எச்சரிப்பின் குரலை. கணினியினுள் வெப்பத்தை அளக்கும் உணரிகள் உண்டு. அவை சொல்லும் அளவின்படி ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு விசிறியைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறது. வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பல செயலிகள் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அப்படியும் வெப்பம் தணியாவிட்டால், சேதத்தைத் தவிர்க்கக் கணினி அணைந்துவிடும்.

இக்குடும்பத்தாரின் வீட்டிற்கு அருகிலேயே இதற்கொரு பாடம் உண்டு. டிராம்பேயில் 1985 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய துருவா ஆய்வு அணு உலையில், வெப்பத்தை அகற்றும் குளிர்விப்பு ஓட்டத்தினால் எரிபொருள் தொகுப்புகள் அதிர்ந்தன. விஞ்ஞானிகள் அந்த அதிர்வைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடவில்லை. காரணத்தை ஆராய்ந்து தொகுப்பின் அமைப்பைத் திருத்தினார்கள். முழுத்திறனாகிய 100 மெகாவாட்டை அந்த உலை 1988-இல்தான் எட்டியது. காரணம் முதலில், அமைதி பிறகு. நம் மேசைமேல் இருக்கும் சிறிய இயந்திரத்துக்கும் இதுவே முறை.

ஆகையால் முதலாவது, சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஒரே சீராகப் பலத்த காற்றோசை எழுந்தால், உள்ளே வெப்பம் மிகுந்திருக்கிறது. ஓசை சில விநாடிகளுக்கொருமுறை ஏறி இறங்கினால், வெப்பம் ஒரு வரம்பின் மேலும் கீழுமாக ஊசலாடுகிறது. கரகரவென்றோ டக்டக்கென்றோ கேட்டால், விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது ஏதோ இதழில் உரசுகிறது. விசிறி நின்றிருக்கும்போதும் மெல்லிய கீச்சொலி வந்தால், அது மின்சுருள்களின் ஓசை. விசிறியை மாற்றுவதால் அது தீராது.

இரண்டாவது, காற்றுக்கு வழிவிடுங்கள். மெத்தைமேலும் தலையணைமேலும் மடிக்கணினியை வைக்காதீர்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். பின்புறத்தை ஓர் அங்குலம் உயர்த்தினாலே பல கணினிகளில் வித்தியாசம் தெரியும். மும்பையின் தூசியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, வெப்பம் வெளியேறும் மெல்லிய தகடுகளுக்கிடையில் கம்பளம்போல் படிந்துவிடும். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் சேவை மையத்துக்கே கொண்டுசெல்லுங்கள். நீங்களே சுத்தம் செய்வதானால், கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, விசிறி சுழலாதபடி இதழைப் பிடித்துக்கொண்டு, காற்றைச் சிறிது சிறிதாக ஊதுங்கள். சில ஆண்டுகள் ஓடிய கணினியில் செயலியின்மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கக்கூடும். அதை அனுபவமுள்ளவரைக் கொண்டு மாற்றுங்கள்.

மூன்றாவது, வெப்பம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறையுங்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்பதை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால், பல கணினிகளில் டர்போ வேகம் நின்று, ஏறி இறங்கும் ஓசையும் தணியும். விளையாட்டுகளில் ஃபிரேம் எண்ணிக்கையை விநாடிக்கு 60 என்று வரையறுக்கலாம்.

விசிறியின் வேகத்தைத் தொடுவது கடைசியாகவே இருக்கட்டும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இரைச்சல் ஏறத்தாழ 5 டெசிபல் குறையும். ஆனால் காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தயாரிப்பாளர் தந்த மென்பொருளில் ‘சைலன்ட்’ அல்லது ‘பேலன்ஸ்டு’ முறையைத் தேர்ந்தெடுங்கள். விசிறியைக் கட்டுப்படுத்தும் இரண்டு மென்பொருள்களை ஒருசேர ஓட்டாதீர்கள். ஒன்று கூட்ட, மற்றொன்று குறைக்கும்.

பெற்றோர் ஓர் அடையாளத்தை அறிந்திருப்பது அவசியம். டச்பேட் மேலெழும்பியிருந்தால், அல்லது அடிப்பாகம் உப்பியிருந்தால், பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே உபயோகத்தை நிறுத்துங்கள். அதை அழுத்தவும் துளைக்கவும் வேண்டாம்; தீப்பற்றக்கூடும். பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.

அந்தக் குடும்பத்தில் மகன் தான் நிறுவிய மென்பொருளை நீக்கினான். பழுதுபார்ப்பவர் கணினியைத் திறந்தபோது, தகடுகளை மூடி ஒரு தூசிப் படலம் இருந்தது. அது நீங்கியபின் ஓசை வெகுவாகத் தணிந்தது, முற்றிலும் மறையவில்லை. மீதியை வீட்டார் பேசித் தீர்த்தார்கள்: தகப்பனார் உறங்கும் நேரத்தில் எழுத்து வேலை மட்டும், கனமான வேலைகள் அவர் பணிக்குச் சென்றபின்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கலாம். அதன் வாயை அடைக்கும் முன், அது என்ன சொல்லுகிறதென்று சற்றுக் கேளுங்கள்.